பாசி விடாத மாப்பிள்ளை

எங்கள் வீட்டு வாசலில் கடல்பாசியைக் காவலுக்கு வைத்திருந்தோம். ஒரு பீங்கான் கிண்ணம், அதில் உப்புத் தண்ணீர், அதற்குள் பாசி. ஈயம், பாதரசம், லாரிப் புகை எதையும் அது உள்ளே விடாது. வயிற்றுக்குள் போய் ஈயத்தை இழுத்து வெளியேற்றுகிற வேலையை வாசலிலேயே செய்துவிட்டால் மெல்லுகிற சிரமம் மிச்சம் என்று என் மனைவி கோமளவல்லிதான் இந்த ஏற்பாட்டைச் செய்தாள்.

தலை தீபாவளிக்கு முதல் நாள் மதியம் மகள் சுகந்தியும் மாப்பிள்ளை திருமாறனும் வந்தார்கள். சுகந்தியைப் பாசி விட்டது. மாப்பிள்ளையை விடவில்லை. அவர் பேட்டரி கம்பெனியில் ஈயம் உருக்குகிறவர். பாசியைக் குறை சொல்ல முடியாது.

"மாமா, அடுத்த பஸ்ஸுக்கே நான் கிளம்புறேன். மரியாதை இல்லாத வீட்ல எனக்கென்ன வேலை?" என்றார் மாப்பிள்ளை.

"அவர் போனா நானும் போயிடுவேன்ப்பா" என்றாள் சுகந்தி.

எனக்கு இருப்பது ஒரே பெண்.

கோமளவல்லி சளைக்கவில்லை. சமையலுக்கு வைத்திருந்த கடல்பாசியைப் பாலில் காய்ச்சி, ஏலக்காய் தட்டிப் போட்டு, கம்பிக் கதவு வழியாக டம்ளர் டம்ளராக நீட்டினாள். உடம்பில் எந்தப் பகுதியை விட்டு ஈயம் இறங்கியதோ அந்தப் பகுதியைப் பாசி உள்ளே விட்டது. முதல் டம்ளருக்கு வலது கை வந்தது. சீர் மோதிரத்தை அப்போதே போட்டுவிட்டேன். நாலாவதற்கு இரண்டு கால்களும் வந்து கூடத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்தன. தலை மட்டும் வெளியே மாடிப்படியில் நின்று எதிர்வீட்டு ராவுத்தரிடம் பஸ் நேரம் விசாரித்துக்கொண்டிருந்தது.

அதோடு பாசி தீர்ந்துபோனது. மிச்சம் இருந்தது காவலுக்கு நின்றது மட்டும்தான்.

"அம்மா, அதையும் போட்டுக் காய்ச்சும்மா" என்றாள் சுகந்தி.

பாசியிடம் ஒரு வார்த்தை கேட்டோம். அது தானாகவே பாத்திரத்துக்குள் இறங்கியது. மாப்பிள்ளை குடித்தார். தலை உள்ளே வந்தது. மறுநாள் விடியலில் கோமளவல்லி அந்தத் தலையில் எண்ணெய் வைத்தபோது சந்தோஷத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

குளித்து முடித்ததும் மாப்பிள்ளை நேராகப் போய் வாசலில் நின்றுகொண்டார். பக்கத்துத் தெரு வெடியில் சத்தத்தை மட்டும் உள்ளே விட்டார், புகையைத் திருப்பி அனுப்பினார். லீவு முடிந்தும் கிளம்பவில்லை. வீட்டோடு மாப்பிள்ளை என்று சொந்தக்காரர்கள் கேலி செய்கிறார்கள். செய்யட்டும், என் பெண் என் வீட்டில் இருக்கிறாள். தினமும் காலையில் கோமளவல்லி அவர்மேல் உப்புத் தண்ணீர் தெளிக்கிறாள். தோள்பக்கம் பாசி நன்றாகத் துளிர்த்திருக்கிறது. பொங்கலுக்குள் ராவுத்தர் வீட்டுக்கும் ஒரு கொத்து வெட்டித் தருவதாக மாப்பிள்ளை சொல்லியிருக்கிறார்.