கோமதித்தாயின் கை

கோமதித்தாயை எனக்குப் பிடிக்காது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் பள்ளியில் ஆயிரத்து நூறு பெண்கள். அதில் கத்தோலிக்கர் நாற்பத்தொரு பேர். மாதத்தின் முதல் வெள்ளியன்று மைதானத்தில் பூசை நடக்கும், எல்லோரும் உட்கார வேண்டும். அந்தப் பூசையில் நான்கு வருடமாகப் பதிலுரைப் பாடல், அதாவது ஒருத்தி பாட மற்றவர்கள் திருப்பிப் பாடும் பாட்டு, பாடியது யார்? நெற்றியில் திருநீறும், கோயிலில் ஆடித்தபசுத் திருவிழாவுக்கு மூன்று நாள் லீவுமாக, குருவிகுளம் பஸ்ஸில் வந்து இறங்கும் இந்தக் கோமதித்தாய். ஞானஸ்நானம் வாங்கிய விண்ணரசி, அதாவது நான், பீடத்துப் பூச்சாடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன்.

அவள் குரல் நன்றாகத்தான் இருக்கும். அதுதான் என் வயிற்றெரிச்சலே.

பள்ளியின் பொன்விழாவுக்கு மறைமாவட்ட ஆயர் வருகிறார் என்று தெரிந்ததும், பாடகர் குழுவைப் பார்த்துக்கொள்ளும் பெலிசிட்டா சிஸ்டரிடம் போனேன்.

"சிஸ்டர், ஆயர் முன்னால திருநீறு பூசுன பிள்ள பாடுனா நல்லாவா இருக்கும்? நம்ம பூசைக்கு நம்ம பிள்ளைக இல்லியான்னு கேக்க மாட்டாங்களா?"

சிஸ்டர் என்னை வகுப்புக்குப் போகச் சொன்னார். ஆனால் மறுநாள் பாட்டு என் கைக்கு வந்துவிட்டது. பன்னிரண்டாம் வகுப்பு, எனக்கு இதுதான் கடைசி வருடம். ஒரே ஒரு தடவை ஆயர் முன்னால் நின்று பாடிவிட வேண்டும், அவ்வளவுதான் எனக்கு வேண்டியிருந்தது.

கோமதித்தாயிடம் விஷயத்தை நானே போய்ச் சொன்னேன். அவள் முகம் வாடுவதைப் பார்க்க ஆசை.

"பாடுட்டி, எனக்கென்ன" என்றாள். கண் கலங்கிவிட்டது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

ஒத்திகையெல்லாம் இசை அறையில், குழுவோடு மட்டும். பொன்விழாவன்று மைக் முன்னால் நின்று, பாட்டுப் புத்தகத்தை இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டு பல்லவியைப் பாடினேன். ஒரு பிசிறு இல்லை. இனி எல்லோரும் அதைத் திருப்பிப் பாட வேண்டும்.

ஒருத்தியும் பாடவில்லை. முன்வரிசையில் எங்கள் ஆட்கள்கூட முனகிவிட்டு நிறுத்திக்கொண்டார்கள். பின்னால் ஆயிரம் பேர் வாயை மூடிக்கொண்டு என்னையே பார்த்தார்கள். ஆயர் நிமிர்ந்து உட்கார்ந்தார். மறுபடியும் பாடினேன். மறுபடியும் சத்தமே இல்லை. பாவி, எல்லாரையும் தூண்டிவிட்டுவிட்டாளே என்று உடம்பெல்லாம் எரிந்தது.

அப்போது கூட்டத்தின் நடுவில் கோமதித்தாய் எழுந்து நின்றாள். வலது கையை உயர்த்தினாள். அவளுக்குப் பின்னால் இருந்தவர்கள் பாட ஆரம்பித்தார்கள், அதைக் கேட்டு முன்னால் இருந்தவர்களும் சேர்ந்துகொண்டார்கள். ஒவ்வொரு சரணத்துக்கும் அவள் கை உயர்ந்தது, மைதானம் பாடியது. ஆயர் கடைசியில் என்னைக் கூப்பிட்டு, "நல்லாப் பாடினம்மா" என்றார்.

பூசை முடிந்ததும் குழாயடியில் அவளை மடக்கினேன்.

"எல்லாரையும் பாடாதீங்கன்னு சொல்லி வச்சியாட்டி?"

"நீ கையத் தூக்கலியேட்டி. நாலு வருசமா நான் கையத் தூக்குனாத்தான அதுக பாடும். எங்கன பாடணும்னு அதுகளுக்கு என்ன தெரியும்?"

நான்கு வருடம் அவள் வாயையே பார்த்துப் பொருமியிருக்கிறேன். கையைப் பார்க்கவே இல்லை.

"அப்ப எதுக்கு எந்திரிச்ச? நான் அசிங்கப்பட்டா உனக்கு நல்லதுதான?"

"உனக்காக ஒண்ணும் எந்திரிக்கல. பாட்டு பாதியில நின்னுச்சு, கேக்க முடியல."

தண்ணீரைக் குடித்துவிட்டுப் போய்விட்டாள். என்னை அப்படியே தவிக்க விட்டிருந்தால் ஆயுசுக்கும் நிம்மதியாகத் திட்டிக்கொண்டிருப்பேன். அதையும் பிடுங்கிக்கொண்டாள்.

அடுத்த முதல் வெள்ளியன்று மைக் அவளிடமே திரும்பிவிட்டது. நான் முன்வரிசையில், செத்தாலும் வாயைத் திறப்பதில்லை என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பல்லவியை முடித்துவிட்டு அவள் கையைத் தூக்கினாள். என் பக்கம் திரும்பக்கூட இல்லை.

நான் பாடிவிட்டேன்.