சிவப்புக் கோடு விழுந்த பெயர்

கம்பளைக்கு மேலே உள்ள எங்கள் தேயிலைத் தோட்டத்தின் மரண உதவிச் சங்கத்துக்கு இருபத்திரண்டு வருடமாக நான்தான் செயலாளர். தலைவர் பதவிக்கு இதுவரை போட்டி வந்ததில்லை. முதலில் கறுப்பையா, பிறகு அவர் மகன். மகன் இந்தத் தலைவர் கதிரையிலிருந்துதான் பிரதேச சபைக்குப் போனார். இப்போது பேரன் சதீஸ்குமார். ஒவ்வொரு முறையும் "போட்டியின்றி" என்று நானே எழுதி வாசித்திருக்கிறேன்.

இந்த ஜனவரி ஒன்பதாம் திகதி, கொழுந்து எடுக்கும் ஜெயராணி வந்தாள்.

"அண்ணே, தலைவருக்கு என் பேரையும் எழுதுங்க. எங்க வீட்டுக்காரர் செத்தன்னைக்குச் சங்கத்துக் கூடாரம் தரல. தலைவர் வீட்டுப் பாப்பாவுக்குச் சடங்காம். பொணம் மழையில நனைஞ்சுச்சு. இனி யாருக்கும் அப்படி ஆகக் கூடாது."

"முன்மொழிய ஒரு ஆள் வேணுமே?"

"எழுதுற கைதானே, கையெழுத்தையும் போட்டுருங்க" என்று சிரித்தாள்.

மூன்று பிரதி எழுதிக் கையெழுத்திட்டேன்.

மறுநாள் சங்க அலுமாரியைத் திறந்தேன். அதற்குத் திறப்பு இரண்டு; ஒரு சாவி என்னிடம், மற்றது தலைவரிடம். இறந்த அங்கத்தவரின் பெயரைப் பதிவேட்டில் சிவப்பு மையால் அடித்து, பக்கத்தில் திகதி போடுவது எங்கள் வழக்கம். ஜெயராணியின் பெயர்மேல் கோடு விழுந்திருந்தது. திகதி: ஜனவரி ஒன்பது.

தலைவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன்.

"ஐயோ, நல்ல மனுசி" என்றார். முகத்தில் சிரிப்பில்லை. "பதினாறாம் நாள் என்னைக்கு வருதுண்ணே?"

அன்று மாலை அவளுடைய லயத்து வீட்டுக்குப் போகும் பாதை முழுவதும் வெள்ளைக்கொடி. வாசலில் சங்கத்துக் கூடாரம், அவள் கணவருக்கு வராத அதே கூடாரம். சனம் சீனியும் தேயிலையும் கொண்டுவந்து வைத்துவிட்டு, கதிரைகளில் கைகட்டி உட்கார்ந்திருந்தது.

"நான் இங்கதானே நிக்கிறேன்!" என்று ஜெயராணி கத்திக்கொண்டிருந்தாள். "வீரம்மாக்கா, நேத்துக்கூட என் பக்கத்து நிரையிலதானே கொழுந்து எடுத்தீங்க!"

வீரம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். "நேத்துக்கூட என் பக்கத்து நிரையிலதான் எடுத்தா" என்று அருகிலிருந்தவளிடம் சொன்னாள்.

ஜெயராணி என் கையைப் பிடித்துக்கொண்டாள். பனிக்கட்டி போல் இருந்தது.

"தேர்தல் கூட்டத்துல உன் பேரை நான் கூப்பிடுவேன்" என்றேன். "செயலாளர் கூப்பிட்டா எல்லாரும் திரும்பித்தானே ஆகணும்."

இருபத்தைந்தாம் திகதி ஞாயிற்றுக்கிழமை, கோயில் மண்டபத்தில் கூட்டம். நான் எழுந்து வாசித்தேன். "தலைவர் பதவிக்கு இரண்டு விண்ணப்பங்கள். சதீஸ்குமார். ஜெயராணி."

"இருக்கேன்" என்று பின்வரிசையில் அவள் கை உயர்த்தினாள்.

ஒருவரும் திரும்பவில்லை. என்னையும் யாரும் பார்க்கவில்லை. இன்னும் சத்தமாக வாசித்தேன்.

சதீஸ்குமார் எனக்குப் பின்னால் இருந்த கதிரையைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். "செயலாளர் கதிரை காலியாக் கெடக்கு. எத்தனை வருசம் எழுதுன கை! ஒரு நிமிசம் எல்லாரும் எந்திரிச்சு நிப்போம்."

மண்டபமே எழுந்து தலை குனிந்தது. பிறகு யாரோ என் கைக்குக் கீழிருந்த பதிவேட்டை இழுத்தெடுத்து, "போட்டியின்றி" என்று வாசித்தார்கள்.

பின்வரிசையில் ஜெயராணி மட்டும் உட்கார்ந்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.