ப்ரைந்தல் வீட்டுக் குரல்

செலிக் வேலை தேடி ஹாம்பர்க் போய் வருடக்கணக்காகியும், எங்கள் யூதக் கிராமமான ஸ்ட்ரிவ்காவில் அவன் வீட்டில் வெள்ளிக்கிழமைதோறும் திராட்சை ரசக் கிண்ணத்தின் மேல் ஆசீர்வாதம் பாடியது அவன் குரல்தான். ஓய்வுநாள் பிறக்கப்போகிறது என்று ஜெபக்கூடத்து ஊழியன் மரச்சுத்தியால் ஜன்னல் கதவுகளைத் தட்டிக்கொண்டு போவான். மீன் கொத்தும் சத்தமும் தையல் மெஷினும் ஓயும். செலிக்கின் மனைவி ப்ரைந்தல் மெழுகுவத்தி ஏற்றுவாள். இருட்டியதும் அந்தக் கட்டைக் குரல் ஆரம்பிக்கும். மூன்றாவது வரியில் சுருதி இறங்கிவிடும். ஊரில் இருந்தபோதும் அப்படித்தான். ஜன்னலடியில் நின்று கேட்ட பிள்ளைகள் நாங்கள் அதே பிசகோடு பாடக் கற்று, அப்பாக்களிடம் உதை வாங்கினோம்.

பிறகு ஊசி நூல் வியாபாரி ஒருவன் வந்து, செலிக் காய்ச்சலில் செத்ததையும், தானே மண் தள்ளியதையும் சொன்னான். ப்ரைந்தல் அழுதாள். காலம் ஓடியது. ரொட்டிக்கடை ஃபைவல் அவளைக் கட்டிக்கொள்ளக் கேட்டான். அவளுக்கும் மனசு இருந்தது, மறைப்பானேன். ஊர் மதகுருவான ரபி அவளை விதவை என்று சொன்னால் போதும். அவர் ஒரு வெள்ளிக்கிழமை வீட்டுக்கே வந்து அந்தக் குரலைக் கேட்டார்.

"செத்தவனுக்கு வேதக் கட்டளை கிடையாதும்மா. இவன் கட்டளைய நிறைவேத்துறானே! அப்ப உசுரோடதானே இருக்கான்?"

"உசுரோட இருக்கிறவரு ஒரு வாய் சாப்பிட வேணாமா, ரபி? வாராவாரம் மீனு ஆறிப்போவுது."

"குரல் நிக்கட்டும், பாக்கலாம்" என்று ரபி தொப்பியைச் சரிசெய்துகொண்டு போய்விட்டார்.

அடுத்த வியாழக்கிழமை மீன் செதிலைச் சுரண்டிக்கொண்டே ப்ரைந்தல் வெறும் நாற்காலியிடம் பேசினாள். "இந்தாங்க, இருந்தா வந்து சேருங்க. இல்லேன்னா என்னை விடுங்க. நடுவுல தொங்க விடாதீங்க."

மறுநாள் குரல் வரவில்லை. விட்டது சனியன் என்று அவள் நிம்மதியாவாள் என ஊர் நினைத்தது. அவளோ சாவுச் செய்தி வந்த நாளைவிட அதிகம் அழுதாள். எங்களுக்கும் தாங்கவில்லை. அந்தப் பிசகு இல்லாமல் ஓய்வுநாள் பிறந்த மாதிரியே இல்லை.

ரபி அனுமதி தந்தார், கல்யாணம் நடந்தது. முதல் வெள்ளிக்கிழமை ஃபைவல் கிண்ணத்தைத் தூக்கிச் சுருதி சுத்தமாகப் பாடி முடித்தான்.

"ஆமென்" என்றாள் ப்ரைந்தல்.

"ஆமென்" என்றது கட்டைக் குரலும்.

ஓய்வுநாள் முடிந்ததும் இருவரும் ரபியிடம் ஓடினார்கள். கல்யாணம் செல்லுமா?

"ஆசீர்வாதம்தான் கடமை" என்றார் ரபி. "ஆமென் யாரு வேணா சொல்லலாம். நல்ல மனசு இருந்தாப் போதும்."

அதற்குப் பிறகு ஃபைவல் பாடி முடித்ததும் உடனே குடிக்கமாட்டான். முன்னவனும் சொல்லி முடிக்கட்டும் என்று கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்சம் பொறுப்பான்.