வக்கீலின் பல்லும் நாலு வெடைக்கோழிகளும்

முட்டை போட்டுவிட்டுக் கத்தினால் அதில் ஒரு நியாயம் உண்டு. முட்டையே போடாமல் ஊரைக் கூட்டுகிற கோழியை என்னவென்று சொல்வது? பல்செட்காரர் வீட்டுக் கொல்லையில் அப்படி நாலு இருந்தன. அவர் மனைவி ஆசை ஆசையாக வாங்கி வளர்த்த வெடைக்கோழிகள். இன்றைக்கோ நாளைக்கோ முதல் முட்டை என்கிற பருவம். விடிந்தால் போதும், ஒன்று கேற ஆரம்பிக்கும். உனக்கு நான் இளைத்தவளா என்று அடுத்தது கிளம்பும். நாலில் பெரிய வாய்க்காரிக்குச் சைரன் என்றே பெயர் வைத்தாகிவிட்டது.

பல்செட்காரருக்கு அதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. பின்னறையில் உட்கார்ந்து பல் ராவுகிற மெஷினை ஓட்டினால் கோழி என்ன, கூரையே விழுந்தாலும் அவருக்குக் கேட்காது. பக்கத்து வீட்டு வக்கீலால்தான் பொறுக்க முடியவில்லை. ஒரு காலத்தில் அவர் குரலை உயர்த்தினால் கோர்ட்டு வாசலில் சும்மா நிற்பவனுக்கும் வேர்க்குமாம். இப்போது பாவம், மேலும் கீழும் ஒரு பல் பாக்கியில்லாமல் எடுத்தாகிவிட்டது. காம்பவுண்டுச் சுவருக்கு மேல் தலையை நீட்டி, விரலை ஆட்டி ஆட்டி வாதாடுவார். வெளியே வருவதில் முக்கால்வாசி காற்றுதான்.

ஆனால் ஒன்று மட்டும் தெளிவாக விளங்கியது. "பல்லு வரட்டும். ஞாயித்துக்கிழமை மீட்டிங்ல பேசிக்கிறேன்."

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தெருக்காரர்கள் கூட்டம். அங்கே அவர் எழுந்து நின்று, இந்தத் தெருவில் யாரும் கோழி வளர்க்கக் கூடாது என்று பேசினால் எதிர்த்துப் பேச ஆள் கிடையாது. நாலு கோழியையும் கூடையில் போட்டு யாருக்காவது தாரைவார்க்க வேண்டியதுதான். அவர் பேசுவதற்கான பல்லைச் செய்துகொண்டிருந்தவரோ நம்ம பல்செட்காரர்!

"ஏங்க, நம்ம கையாலயே நம்ம கண்ணைக் குத்திக்கணுமா?" என்றாள் மனைவி. "ஒரு வாரம் கழிச்சுத்தான் குடுங்களேன். மெஷின் ரிப்பேருன்னு சொல்லுங்க."

"சொன்ன நாள்ல குடுக்காம இருந்ததே இல்லடி நான்."

"சரி, குடுங்க. முன்பல்லை மட்டும் கொஞ்சம் லூசா வைங்க. நாலு வார்த்தை பேசினா அஞ்சாவது வார்த்தைக்குக் கழண்டு விழணும்."

"அடிப்பாவி!" என்றார் பல்செட்காரர். இருந்தாலும் அன்றைக்கு ராத்திரி சாப்பிடும்போது அந்த யோசனை ஒன்றிரண்டு தடவை அவர் மனதுக்குள் வந்து உட்கார்ந்துவிட்டுத்தான் போனது. கோழிகள் மேல் அவருக்கும் பிரியம்தான், வெளியே சொல்லிக்கொள்ள மாட்டார்.

முட்டையாவது ஒழுங்காக வந்ததா என்றால் அதுவும் இல்லை. முதலில் வந்தது ஒரு தோல்முட்டை. ஓடே கிடையாது, தண்ணீர் ஊற்றிய பலூன் மாதிரி தொளதொளவென்று கிடந்தது. மனைவி அதைக் கையில் ஏந்தினாள், கையிலேயே உடைந்தது. "என்ன பாவம் பண்ணினேன்!" என்று அழாத குறை. இரண்டாவது முட்டையைச் சைரன் பல்செட்காரரின் வலது செருப்பில் போட்டது. அவர் அதைக் காலால்தான் கண்டுபிடித்தார்.

தீவனக்கடை அம்மாவிடம் போய்ப் புலம்பினாள் மனைவி. "புதுசா போட ஆரம்பிக்கிறதுங்க அப்படித்தாம்மா, தடுமாறும்," என்றாள் அந்த அம்மா. ஓடு கெட்டியாவதற்குக் கிளிஞ்சல் தூள் ஒரு பொட்டலம் கட்டிக் கொடுத்து, முட்டைப்பெட்டிக்குள் ஒரு பொய் முட்டையை வைத்தால் இதுதான் இடம் என்று கோழிக்குப் புரியும் என்றும் சொன்னாள். மனைவி வந்து கணவரிடம் சொன்னாள்.

வேறு யாராக இருந்தாலும் ஒரு பந்தைத் தூக்கி வைத்திருப்பார்கள். பல்செட்காரர் விடுவாரா? பல் அச்சுக்கான பிளாஸ்டரைக் குழைத்தார். முட்டை வடிவத்தில் வார்த்தார். பல்லுக்கு நிறம் பார்க்கிற அட்டையை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போய், செருப்பில் உடைந்த முட்டையின் ஓட்டோடு ஒப்பிட்டு நிறம் கலந்தார். ராவினார், மெருகு போட்டார், தூரத்தில் வைத்து ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். மத்தியானம் முழுக்க அதிலேயே போனது. ஒரே ஒரு முட்டைதான், ஆனால் கோழியே போட்டிருந்தாலும் இவ்வளவு திருத்தமாகப் போட்டிருக்காது. கோழிகள் முட்டை போட வைத்திருந்த நாலு பழப்பெட்டிகளில் இரண்டாவது பெட்டியில் அதை வைத்துவிட்டு, மனைவி கடைக்குப் போயிருந்ததால் சொல்லவும் மறந்து வேலைக்குத் திரும்பினார்.

மறுநாள் காலையில் பிடித்தது பாருங்கள், பிரளயம்! இதுவரை கத்தியதெல்லாம் ஒத்திகை என்று ஆகிவிட்டது. சுவருக்கு மேலே வக்கீலின் தலை வந்தது. தன் பொக்கை வாயைத் தொட்டுக் காட்டினார், பிறகு கோழிகளைக் காட்டினார், சிரித்துவிட்டுக் கீழே இறங்கிப் போனார்.

சனிக்கிழமை காலை. வக்கீலின் பல்லுக்குக் கடைசி மெருகு போட்டுக்கொண்டிருந்தவர் மெஷினை நிறுத்தினார். என்னமோ குறைந்தது. காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார். கோழிச் சத்தத்தையே காணோம். அய்யய்யோ, நாய் கீய் பிடித்துவிட்டதா என்று கொல்லைக்கு ஓடினால், நாலும் ஆளுக்கொரு மூலையில் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தன. சமையலறையிலிருந்து மனைவியின் குரல் வந்தது.

"ஏங்க, இங்க வந்து பாருங்க! நம்ம கோழி போட்ட முதல் நல்ல முட்டை! அரை மணி நேரமா வேகுது, ஓடு இன்னும் உடைய மாட்டேங்குது. கிளிஞ்சல் தூள் ஜாஸ்தியாயிடுச்சோ?"

அவள் கையிலிருந்த கரண்டி வளைந்திருந்தது. பல்செட்காரர் பானைக்குள் எட்டிப் பார்த்தார். அவருடைய அருமையான முட்டை கொதிநீரில் உருண்டுகொண்டிருந்தது, கீறல்கூட விழவில்லை. விஷயத்தைச் சொன்னதும் அவள் கரண்டியைத் தூக்கி எறிந்தாள், நல்லவேளை அவர் மேல் படவில்லை.

திட்டு வாங்கிக்கொண்டே அவர் யோசித்தார். முட்டை பானையில் இருக்கிறது, கொல்லையில் சண்டை இல்லை. முட்டை பெட்டியில் இருந்தபோது நாலும் அந்த ஒரே பெட்டிக்கு முட்டி மோதின. உள்ளே ஒருத்தி உட்கார, வெளியே மூன்று பேர் நின்று கத்தியிருக்கிறார்கள்.

"அடச்சே! வரிசையில நிக்க வச்சு அடிச்சுக்க விட்டது நான்தான்டி!"

அன்றைக்கே மேலும் மூன்று முட்டைகள் வார்த்தார். இந்தத் தடவை நிறம் கிறம் ஒன்றும் பார்க்கவில்லை. பெட்டிக்கு ஒன்றாக நாலையும் வைத்தார். ஞாயிற்றுக்கிழமை காலையில் கொல்லையில் அப்படி ஒரு அமைதி. மனைவி கை வைத்துப் பார்த்தபோது பொய் முட்டைக்குப் பக்கத்தில் ஒன்று சூடாக இருந்தது. தரையில் தட்டிப் பார்த்தாள், ஓடு லேசாக விரிசல் விட்டது. சந்தோஷத்தில் அப்படியே கொல்லையில் உட்கார்ந்துவிட்டாள்.

பத்து மணிக்கு வக்கீல் வந்தார். நாற்காலியில் ராஜா மாதிரி சாய்ந்து வாயைத் திறந்தார். முன்பல் பக்கம் கை போனபோது கதவோரம் நின்ற மனைவி கண்ணால் கெஞ்சினாள். பல்செட்காரர் அவளையும் பார்த்தார், பல்லையும் பார்த்தார். மனசு கேட்கவில்லை. இம்மிகூட ஆடாமல் பொருத்திவிட்டார்.

அவரிடம் ஒரு வழக்கம் உண்டு. புதுப் பல்லோடு யாரும் எதையாவது கடித்துக் காட்டாமல் வாசல் தாண்ட முடியாது. வாழைப்பழம்தான் தருவார், அன்றைக்குப் பழம் தீர்ந்திருந்தது. "அந்த முட்டையை அவிச்சு எடுத்துட்டு வா," என்றார்.

"நம்ம முதல் முட்டையையா? இவருக்கா?" என்று அவள் முணுமுணுத்தாள். ஆனாலும் அவித்து, உப்பும் மிளகும் தூவிக் கொண்டுவந்து வைத்தாள், தட்டு டங்கென்று சத்தம் போட.

வக்கீல் கடித்தார். மெதுவாக மென்றார். எத்தனையோ மாதமாகக் கஞ்சியாகக் குடித்துக்கொண்டிருந்த மனுஷன். மெல்ல மெல்ல அவர் கண் கலங்கியது. அந்த நேரம் பார்த்துக் கொல்லையில் சைரன் எடுத்தாள் பாருங்கள் ஒரு குரல்! மனைவி கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள். வக்கீல் மென்றுகொண்டிருந்ததை விழுங்கினார்.

"இன்னொண்ணு போட்டுச்சாம்மா?" என்றார். குரல் கணீரென்று இருந்தது.

சாயங்காலம் கூட்டத்தில் அவர் எழுந்தார். பல்செட்காரரும் மனைவியும் கடைசி வரிசையில் கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஹாரன் அடிப்பவர்களை ஒரு பிடி பிடித்தார், குப்பையை வெளியே போடுபவர்களைக் கிழித்தார், தலைவரின் நாயையும் விடவில்லை. கடைசியில் யாரோ, "அந்தக் கோழிச் சத்தம்..." என்று இழுத்தார்கள்.

"ஜாக்கிரதை!" என்றார் வக்கீல். "அந்த நாலு பேரும் என் கட்சிக்காரங்க. முட்டை போடுறவ சொல்லத்தான் செய்வா. நீங்க என்ன போட்டீங்க, இப்படிக் கத்துறீங்க?"

கூட்டம் முடிந்தது. கோழிகள் பிழைத்தன.

மறுநாள் விடிந்ததும் சுவருக்கு மேல் வக்கீலின் தலை வந்துவிட்டது. கட்சிக்காரர்களை நலம் விசாரித்தார். பிறகு பழைய வழக்கு ஒன்றை ஆரம்பித்தார். அதில் எதிர்த்தரப்பு பேசியது, தான் மடக்கியது, நீதிபதி அசந்துபோனது எல்லாம் வரிசையாக வந்தன. மத்தியானமும் நிறுத்தவில்லை. பின்னறையில் மெஷினை முழு வேகத்தில் ஓட்டியும் பல்செட்காரருக்கு ஒரு வார்த்தை விடாமல் கேட்டது. கொல்லையில் நாலு கோழிகளும் கத்த மறந்து, கழுத்தைச் சாய்த்து அவரையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தன.

மனைவி காதில் பஞ்சோடு பின்னறைக்கு வந்தாள்.

"நான் அன்னைக்கே சொன்னேன்," என்றாள். "கொஞ்சம் லூசா வைங்கன்னு."