நீலக் கோப்பை

கதவைத் தட்டவில்லை, மணியைத்தான் அடித்தார்கள், அதுவும் ஒரே தரம், மரியாதையாக... இதை றொஷானி யாருக்கும் சொன்னதில்லை, கணவன் லாசருக்குக்கூட. ஏழு மாதம் ஆகிறது, இனிச் சொல்ல இடமும் இல்லை, இப்போது அவள் நிற்பது பாரிஸில், லாச்சப்பலில், ஒரு தையல்கடைக் கண்ணாடிக்கு முன்னால், பாதி தைத்த பிளவுஸுக்குள், உடம்பைச் சுற்றிக் குண்டூசிகள், அசைந்தால் குத்தும். ஊசி ஏற்றுகிறவள் தங்கேஸ்வரி. நியூ ஜெர்சியில் றொஷானியின் வீட்டிலிருந்து குடிவரவு அதிகாரிகள் கொண்டுபோன கலைமாறனுக்கு உடன்பிறந்த அக்கா. தம்பியை இரண்டு வருடம் வீட்டில் வைத்திருந்தவ என்று தையற்கூலி வேண்டாம் என்றுவிட்டாள், சொல்லும்போது கண் கலங்கியது, அதைப் பார்க்காததுபோல் றொஷானி கண்ணாடியில் தன் கழுத்தைப் பார்த்தாள், கழுத்தில் மூன்று மடிப்பு, எப்போதிருந்து மூன்று?

"கையைக் கொஞ்சம் தூக்குங்கோ அக்கா." தூக்கினாள். "பிடிக்குதோ?" ஓம், கக்கத்தடியிலை. "ஜெசிந்தா அக்கா அனுப்பினது பழைய அளவாக்கும். அமெரிக்கா உங்களை நல்லாத்தான் பாத்திருக்கு." சொல்லிவிட்டுத் தானே சிரித்தாள், சிரிக்கும்போது மேல் வரிசையில் ஒரு பல் இல்லை, கட்டிக்கொள்ளலாமே, இந்த நாட்டில் பல்லுக்கு அரசாங்கம் கொடுக்குமென்று ஜெசிந்தா சொல்வாளே... தங்கை ஜெசிந்தாதான் இங்கே கொண்டுவந்து விட்டவள், மகளின் கல்யாணத்துக்குப் பூமாலை சொல்ல அடுத்த தெருவுக்குப் போய்விட்டாள், அரை மணி என்றாள், ஒரு மணியாகிறது. வேண்டுமென்றேதான் தனியே விட்டாளோ? தலைக்கு மேலே பாலத்தில் மெற்றோ போனது, கண்ணாடி நடுங்கியது, கண்ணாடிக்குள் இரண்டு பெண்களும் நடுங்கினார்கள். தங்கேஸ்வரியின் நெற்றியில் திருநீறு, வியர்வையில் பாதி கரைந்திருந்தது. ரூ பஜோல் தெருவில் பிள்ளையார் தேர் போனது நேற்று, வரும் வழியில் வடிகால் ஓரம் இன்னும் தேங்காய்ச் சில்லுகள் கிடந்தன, றொஷானி அவற்றை மிதிக்காமல் சுற்றி நடந்தாள், விக்கிரகத்துக்கு உடைத்தது. ஆயிரம் தேங்காய் உடைத்தும் என்ன, தம்பி உள்ளேதானே இருக்கிறான்... இந்த நினைப்பு வந்ததும் ஆண்டவரே மன்னியும் என்றாள் மனதுக்குள், வழக்கம்போல, தும்மிய பின் மூக்கைத் துடைப்பதுபோல.

அந்தத் தாள் தையல் இயந்திரத்தின் மேல் கிடந்தது. பறக்காமலிருக்கக் கத்தரிக்கோலை வைத்திருந்தாள். வந்தவுடனேயே காட்டினாள், அத்தெஸ்தாசியோன் என்றாள், சாட்சிக் கடிதம், இங்கே எல்லாத் தாளுக்கும் அந்தப் பெயர்தான், அமெரிக்க வக்கீல் எழுதி அனுப்பியது, ஒரு பக்கம், கீழே றொஷானியின் பெயர், பெயருக்கு மேல் கோடு. ஆங்கிலம் தெரியாதவள் அந்த ஆங்கிலத் தாளைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருந்தாள். வக்கீல் சொல்வது இதுதான்: வந்தவர்களிடம் நீதிபதி கையெழுத்திட்ட உத்தரவு இல்லை, வீட்டுக்காரர் விடாமல் உள்ளே புகுந்திருந்தால் வழக்கை உடைக்கலாம், வேறு வழி கிடையாது. வியாழக்கிழமை விசாரணை. உடைக்காவிட்டால் கலைமாறனை ஏற்றி அனுப்பிவிடுவார்கள், கொழும்பில், கட்டுநாயக்கா விமானநிலையத்தில் இறக்குவார்கள், அங்கே அவனுக்காகக் காத்திருப்பவர்கள் பூமாலையோடு நிற்கமாட்டார்கள், ஒருமுறை அவர்களிடம் அகப்பட்டு இருந்து வந்தவன்தான், முதுகைக் காட்டினால் தெரியும். வீட்டுக்காரர் விடாமல்... தள்ளிக்கொண்டு வந்தார்கள் என்று சொன்னது றொஷானிதான். அன்று வேலையால் வந்த லாசருக்குச் சொன்னாள், ஒரு பேச்சுக்குச் சொன்னது, அவன் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னது, அவன் ஜெசிந்தாவுக்குச் சொன்னான், ஜெசிந்தா இவளுக்கு, இவள் வக்கீலுக்கு, அந்தப் பொய் கடலைத் தாண்டிப் போய்த் திரும்பவும் கடலைத் தாண்டி வந்து, தட்டெழுத்தில், கத்தரிக்கோலுக்குக் கீழே கிடக்கிறது. ஒரு மனிதனின் உயிர் அதில் தொங்குமென்று அப்போது யாருக்குத் தெரியும்?

இதற்காக அவள் வாக்குப் போடவில்லை, அது மட்டும் நிச்சயம். பிறக்காத குழந்தைகளுக்காகப் போட்டாள். அதிகாரத்தில் இருப்பவர்களை வைப்பவர் ஆண்டவர் என்று போதகர் சொன்னார், வைக்கப்போகிறவரைத் தேர்ந்தெடுக்க நமக்கும் ஒரு சீட்டுத் தந்திருக்கிறார் என்றார், சபையே சிரித்தது, நல்ல போதகர், வெள்ளைக்காரர், கோடையில் முற்றத்தில் இறைச்சி வாட்டும்போது அவளுக்கென்று மிளகாய்த்தூள் வாங்கி வைப்பவர். தாள் இல்லாதவர்களைத் துரத்தப்போகிறார்கள் என்பது தெரியும், கெட்டவர்களைத் துரத்துவார்கள் என்று நினைத்தாள், எல்லோரும் அப்படித்தான் நினைத்தார்கள். பக்கத்து வீட்டு ஷெரில் வேலி ஓரத்தில் நின்று சொன்னாளே, நீங்கள் அவர்களைப் போல இல்லை றோஷ் என்று, அமெரிக்காவில் இருபத்திரண்டு வருடத்தில் அவளுக்கு யாரும் சொன்ன மிக இனிமையான வார்த்தை அதுதான், அன்றிரவு லாசரிடம் அதைச் சொன்னபோது அவன், எவர்களைப் போல, என்று கேட்டான். கலைமாறனைக் கொண்டுபோன ஞாயிறு சபையில் ஜெபிக்கக் கேட்டாள், எங்கள் வீட்டில் இருந்த ஒருவர் என்று மட்டும். ஷெரில் குனிந்து காதுக்குள் கேட்டாள், அவரிடம் தாள்கள் இருந்தனவா? இல்லை. ஓ, என்றாள் ஷெரில். மறுநாள் வாழைப்பழக் கேக் செய்து கொண்டுவந்தாள். அருமையான கேக். றொஷானி மூன்று துண்டு சாப்பிட்டாள்.

"திரும்புங்கோ." திரும்பினாள். முதுகுப்பக்கம் குளிர்ந்த விரல், அளவு நாடா, மூச்சு. இவளுடைய தம்பிக்கும் இப்படித்தான் விரல் குளிரும், பனி தள்ளிவிட்டு வந்தால்... நல்லவன்தான், யார் இல்லை என்றது? ஜெசிந்தா கேட்டாள் என்று வீட்டுக்குக் கீழே பேஸ்மென்டில் இருக்க விட்டாள். இரவு பனி கொட்டினால் விடியமுன் எழும்பி வாசலெல்லாம் தள்ளிவிடுவான், சொல்லாமலே. அந்த நாட்களில் கோப்பி ஊற்றிப் படியின் மேல்தட்டில் வைப்பாள், கைபிடி உடைந்த நீலக் கோப்பையில். அது தனிக் கோப்பை இல்லை, ஊரில் சிலருக்கு வைத்திருந்தார்களே அப்படி இல்லை, கிறிஸ்தவளுக்கு அப்படி ஒன்றும் கிடையாது, பெரிய கோப்பை என்பதால், கடுங்குளிரில் நின்றவன் நிறையக் குடிக்கட்டும் என்பதால். பிறகேன் கழுவி அலுமாரியில் வேறு தட்டில் வைத்தாய்? சபைக்குக் கூப்பிட்டாள், இரண்டு முறை வந்தான், சாப்பாட்டுக்கு. சுடுதண்ணீர்க் கொதிகலனின் மேல் முருகன் படம் வைத்திருந்தான், சூடம் கொளுத்தி, புகைக்கு அலாரம் அடித்து, மேலே வேதப்படிப்புக்கு வந்திருந்தவர்கள் எழும்பி ஓடினார்கள். அதையெல்லாம் பொறுத்தாள். பொறுக்க முடியாமல் போனது வேறு. பின்னேரம் லாசர் கீழே இறங்கிப் போவான், ஒரு மணி, ஒன்றரை மணி, கீழேயிருந்து சிரிப்புக் கேட்கும். லாசரின் சிரிப்பு. மேலே பத்து வருடமாக அவன் சிரித்ததில்லை. அவள் குசினியில் நின்று கேட்பாள், என்ன பகிடி என்று விளங்காது, குழாய்க்குள்ளால் வருவதுபோல் வரும்... ஒருநாள் இறங்கிப் போனாள், இரண்டு பேரும் நிறுத்திவிட்டார்கள்.

ஒரு சிவப்பு அட்டை இருந்தது, அதிகாரிகள் வந்தால் வீட்டுக்காரருக்கு என்ன உரிமை என்று எழுதியது. கதவின் உட்பக்கம் கலைமாறன் ஒட்டியது, ஆர் வந்தாலும் திறக்காதேங்கோ அக்கா, தாளைக் கண்ணாடியாலை காட்டச் சொல்லுங்கோ, என்று சொல்லிச் சொல்லி ஒட்டினான். வேதப்படிப்புக்குப் போதகரின் மனைவி வருகிற நாள் அதைக் கழற்றி, பழைய பற்றரிகள் கிடக்கும் மேசை லாச்சிக்குள் போட்டாள், பிறகு ஒட்ட மறந்துவிட்டது. மறந்துதான் போனது. ஜனவரி, விடிகாலை ஆறு மணிக்குப் பத்து நிமிடம் இருந்தது, லாசர் ஆஸ்பத்திரியில் இரவுவேலை, மணி ஒருமுறை அடித்தது. இரண்டு பேர், சவரம் செய்த முகங்கள், குட் மோர்னிங் மேம். ஒருவன் நெஞ்சில் சின்னக் கறுப்புக் கண்போல ஒரு கமரா. உள்ளே வரலாமா என்று கேட்டார்கள், கேட்டார்கள்! குளிர் வீட்டுக்குள் வந்துகொண்டிருந்தது, வந்தவர்களை வாசலில் வைத்துக் கதைத்துப் பழக்கமில்லை, அது அவள் வளர்ந்த வீட்டில் இல்லாத பழக்கம், பிளீஸ், என்றாள், உள்ளே வாருங்கள். எங்கே அவன் என்றபோது, கீழே, தூங்குகிறான் என்றாள், பொய் சொல்லத் தெரியாது. காத்திருக்கிறோம், நேரம் இருக்கிறது என்றான் ஒருவன். இருக்கச் சொன்னாள். கோப்பி குடிக்கிறீர்களா? ஒருவன் வேண்டாம் என்றான், மற்றவன், அருமையாக இருக்கும் மேம். ஊற்றினாள். பேஸ்மென்ட் கதவு நீக்கலாக இருந்தது. அவள் கூப்பிடவில்லை, ஒரு சத்தம் போடவில்லை, அவனாகவே ஏறி வந்தான். அவனாகவே. இதுதான் ஏழு மாதமாக அவளைத் தூங்கவைப்பது. தலைமயிர் கலைந்து, காலில் அவள் நத்தாருக்கு வாங்கிக்கொடுத்த கம்பளி மேசோடு, முதலில் அவளைப் பார்த்து ஒரு சிரிப்பு, பிறகு அவர்களை.

"இந்தக் கைக்கும் குத்திப்போட்டு முடிச்சிடுவன். பேந்து அந்தக் கையெழுத்தை வையுங்கோ, பின்னேரமே ஸ்கான் பண்ணி அனுப்பவேணும்." தங்கேஸ்வரி மிச்ச ஊசிகளை உதட்டில் கவ்விக்கொண்டாள். அவள் வாய் அடைபட்டிருந்த அந்த நேரத்தைப் பார்த்துத்தான் றொஷானி சொன்னாள். நாங்கள் சத்தியம் பண்ணுறேல்லை தங்கச்சி, எங்கட வேதத்திலை விலக்கின விசயம். தங்கேஸ்வரி ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்து உள்ளங்கையில் வைத்தாள். "சத்தியமில்லையே அக்கா, கையெழுத்து. நடந்ததைத்தானே எழுதியிருக்கு." நடந்ததெண்டு... "தள்ளிக்கொண்டு வந்தவையெண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்." ஓம். "பேந்தென்ன?" பிறகென்ன... பொய்ச்சாட்சி பாவம். அந்தக் கட்டளை இருப்பதற்காக அவள் வாழ்க்கையில் இன்றைக்குப்போல என்றைக்கும் நன்றி சொன்னதில்லை. கையெழுத்து வைத்தால் கமராவில் அவள் குரல் இருக்கிறது, பிளீஸ், உள்ளே வாருங்கள். பொய்யென்று தெரிந்தால் அவளுடைய குடியுரிமைக்கு என்ன ஆகும்? உண்மையை எழுதினால் லாசர் படிப்பான். வைக்காமல் விட்டால்... வைக்காமல் விட்டால் வேதத்தின்படி நடந்தவள். லாசரிட்டை ஒருக்காக் கேட்டிட்டுச் சொல்லுறன், என்றாள். "இண்டைக்குத் திங்கள் அக்கா. வியாழன் கேஸ்." நான் ஜெபிக்கிறன் தங்கச்சி, இப்பவே ஜெபிப்பம். தங்கேஸ்வரி மறுக்கவில்லை. ஊசிகளைத் திரும்ப உதட்டில் வைத்துக்கொண்டு தலை குனிந்தாள், றொஷானி திருநீற்றில் படாமல் உச்சியில் கையை வைத்து ஜெபித்தாள், சிறையில் இருப்பவனைக் கண்ணோக்கும் ஆண்டவரே, கதவுகளைத் திறக்கிற தேவனே... அந்தச் சொல்லில் நாக்கு ஒரு கணம் நின்றது, பிறகு ஓடியது, அவள் நன்றாக ஜெபிப்பாள், சபையில் அவளைத்தான் கேட்பார்கள். முடிவில் ஆமென் என்றாள். ஊசி கவ்விய வாயால் மற்றவள் ம், என்றாள்.

தாளைத் தங்கேஸ்வரி எடுக்கவில்லை, கத்தரிக்கோலையும் எடுக்கவில்லை. திரைக்குப் பின்னால் போனாள், அங்கே ஒரு தண்ணீர்க் குழாயும் கேத்தலும் இருந்தன, திரை பாதி விலகியிருந்தது, முதுகு தெரிந்தது. எனக்கொண்டும் வேண்டாம் தங்கச்சி, ஜெசிந்தா வந்திடுவாள். "வந்தவைக்கு ஒண்டும் குடுக்காமல் விடுறதோ. நீங்களும் அப்பிடித்தானாம், தம்பி எப்பவும் சொல்லுவான்." கேத்தல் இரையத் தொடங்கியது. குரல் உயரவும் இல்லை, தாழவும் இல்லை. "நேற்றும் போனிலை சொன்னவன். அண்டைக்கு விடிய நல்ல நித்திரையாம், கோப்பி மணந்ததாம். இரவு பனி கொட்டினதாக்கும், அக்கா தனக்குத்தான் ஊத்துறா எண்டு நினைச்சு எழும்பி மேலை வந்தவனாம்." பிறகு கோப்பைகள் ஒன்றோடொன்று முட்டும் சத்தம்.

அவனாகவே ஏறி வந்தான், ஓம், அவனாகவேதான்... அந்த முதுகில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. தெரியுமா இவளுக்கு? தெரிந்துகொண்டுதான் தாளை நீட்டினாளா, பொய்யென்று தெரிந்தும்? இல்லை, தம்பி சொன்னதை அப்படியே சொல்கிறாள், வெள்ளந்தி... அன்று அலுமாரியைத் திறந்தது ஞாபகம் இருக்கிறது. சபையின் ஆண்டு விழாவுக்குத் தந்த வெள்ளைக் கோப்பை ஒன்று, அதை எடுத்தாள், அது அவனுக்கு, அருமையாக இருக்கும் என்றவனுக்கு. ஒரே ஒரு கோப்பைதான் எடுத்தாள், ஒருவன் வேண்டாம் என்றானே. ஆனால் கை இன்னொரு தட்டுக்கும் போனது, அது கைக்குத் தெரிகிறது, உடைந்த கைபிடியின் கூர் விரலில் பட்டது... அன்றா, வேறு நாளா? பனி கொட்டிய ஏதோ ஒரு நாளா? "சீனி எத்தனை அக்கா?" திரைக்குப் பின்னாலிருந்து கேட்டது. றொஷானி கையை இறக்கப் பார்த்தாள், ஊசி குத்தியது, தூக்கியபடியே நின்றாள். அன்று விடிய மேசையில் நீலக் கோப்பையும் இருந்ததா, இல்லையா.