டைரக்டர் வாயால் ஒரு பாராட்டு

டைரக்டர் என்றால் சினிமாக்காரர் இல்லை. மண்ணுக்குள் புதைந்து கிடக்கும் பழைய ஊர்களைத் தோண்டியெடுக்கும் கம்பெனியில், எந்தக் குழியை எங்கே வெட்டுவது என்று சொல்கிறவருக்கு அந்தப் பெயர். என் வீட்டுக்காரர் அவரிடம் தோண்டுகிற ஆள். கல்யாணமான நாளிலிருந்து எங்கள் வீட்டில் கடவுளுக்கு அடுத்தபடி டைரக்டர்தான்.

வரி அலுவலகத்திலிருந்து நோட்டீஸ் வந்தபோதுகூட இந்த மனுஷன், "டைரக்டர்கிட்ட சொன்னா முடிஞ்சுது" என்றார். முடியவில்லை. கம்பெனிக் கணக்கில் இவர் வேலையாளே இல்லையாம், சுயதொழில் செய்பவராம். சம்பளம் என்று நினைத்து நாங்கள் வாங்கியதெல்லாம் கான்ட்ராக்ட் பணமாம். அதற்கான வரியை இவரே கட்டியிருக்க வேண்டுமாம். வேலைக்குச் சேர்ந்த அன்று நீட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டவர் இவர். மண்ணைப் புரட்டிப் புரட்டிப் பார்க்கிறவர் தாளைப் புரட்டிப் பார்க்கவில்லை.

பாக்கியும் வட்டியுமாகக் கட்டினால், இவருடைய முழங்கால் ஆபரேஷனுக்கு நான் சேர்த்து வைத்தது மொத்தமும் போய்விடும். காலமெல்லாம் மண்டி போட்டே வேலை செய்து தேய்ந்த முழங்கால். கழிப்பறைக்குப் போக சுவரைப் பிடித்துக்கொள்கிறார். 'கம்பெனியின் வேலையாள்தான்' என்று அதிகாரி முடிவு செய்துவிட்டால் வரி கம்பெனி தலையில் விழும். முழங்கால் பிழைக்கும்.

என் பெரியம்மா மகன் ஆடிட்டர் ஆபீஸில் இருக்கிறான். வந்து உட்கார்ந்து பாடம் நடத்தினான்.

"மாமா, ஒண்ணே ஒண்ணுதான். எப்ப வரணும், எங்க தோண்டணும், எப்ப நிறுத்தணும், எல்லாம் அவங்க சொல்லித்தான் செஞ்சேன்னு சொல்லணும். நீங்களா ஒரு முடிவும் எடுக்கல."

"மண்ணு நிறம் மாறினா நான்தானேப்பா நிறுத்துவேன்? டைரக்டர் வர்ற வரைக்கும் தோண்டிட்டே இருந்தா அடுத்த காலத்து மண் அடுக்கு நாசமாப் போயிடுமே."

"அதைத்தான் சொல்லக் கூடாதுங்கறேன்! சொந்தமா முடிவெடுக்கறவர்னா சுயதொழில்னு எழுதிடுவாங்க."

"அதைச் சொல்லலேன்னா நான் என்ன, தோண்டுற மெஷினா?"

அவன் தலையில் கை வைத்துக்கொண்டான். "அக்கா, நீதான் பாத்துக்கணும்."

பார்த்துக்கொண்டேன். காய் நறுக்கும்போது கேள்வி கேட்பேன், குளிக்கக் கிளம்பும்போது கேட்பேன். "அவங்க சொல்லித்தான் செஞ்சேன்" என்று பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி ஒப்பிப்பார். முகத்தில் மட்டும் ஈயாடாது.

விசாரணை அறையில் மேஜைக்கு அந்தப் பக்கம் அதிகாரி அம்மா. பக்கவாட்டில் கம்பெனி சார்பில் டைரக்டர். இவர் அவருக்கு வணக்கம் சொல்ல எழுந்து, முழங்கால் விடாமல் மறுபடி உட்கார்ந்தார்.

"இவருக்கு வேலை சொல்றது யாரு?" என்று அதிகாரி டைரக்டரைக் கேட்டார்.

"இவருக்கு யாருங்க சொல்ல முடியும்? மண்ணைத் தொட்டதுமே அடுக்கு மாறுதுன்னு சொல்லிடுவார். குழியை இவர்கிட்ட ஒப்படைச்சுட்டு நான் நிம்மதியாப் போயிடுவேன். எங்க நிறுத்தணும்னு முடிவு பண்றதெல்லாம் இவர்தான். இப்படி ஒரு கையை நான் வேற எங்கயும் பார்த்ததில்ல."

பாவி, புகழ்ந்தே குழி பறிக்கிறாரே என்று இவரைத் திரும்பிப் பார்த்தேன். இவருக்குக் கண் கலங்கியிருந்தது. இத்தனை வருஷத்தில் இவர் வேலையைப் பார்த்து டைரக்டர் 'பரவாயில்லை' என்றுகூடச் சொன்னதில்லை.

"அவர் சொல்றது சரியா?" என்று அதிகாரி இவரைக் கேட்டார்.

மேஜைக்கடியில் இவர் காலை அழுத்தி மிதித்தேன்.

"ஆமாங்க" என்றார்.

வெளியே வந்து, கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியாக இறங்கினார். என்னால் வாயை அடக்க முடியவில்லை. "அவர் உங்களைப் பாராட்டலைங்க. கழட்டி விட்டுட்டார்!"

"தெரியும்" என்றார். "ஆனா அவர் ஒண்ணும் பொய் சொல்லலியே. இல்லேன்னு நான் எந்த வாயால சொல்றது?"

அதற்குமேல் என்னால் திட்ட முடியவில்லை. இறங்கி முடிக்கும்வரை தோளைக் கொடுத்தேன்.

ஆபரேஷன் பணம் வரிக்குப் போயிற்று. இப்போது இவருக்குக் கட்டிலை விட்டால் நாற்காலி, நாற்காலியை விட்டால் கட்டில். யாராவது சம்பாதிக்க வேண்டுமே? அதே கம்பெனியில், குழியிலிருந்து வரும் பழைய பானை ஓடுகளைக் கழுவும் வேலைக்குப் போனேன். அங்கேயும் அதே சுயதொழில் தாள். நான் முழுக்கப் படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன். படித்து என்ன, வேறு வழியில்லை.

போன வாரம் டைரக்டர் என் அருகே வந்து நின்றார். பானை விளிம்பு ஓடுகள் தனி, அடிப்பாகம் தனி, கோலம்போல் கீறல் உள்ளவை தனி என்று நான் பிரித்து வைத்திருந்தேன். வீட்டில் இவர் பேசிப் பேசி என் கைக்கும் பழகிவிட்டது.

"அடடே, யாரும் சொல்லாமலே பிரிச்சு வெச்சிருக்கியே. வீட்டுக்காரர் மாதிரியே கெட்டிக்காரிம்மா நீ."

கூடக் கழுவிக்கொண்டிருந்த பெண்கள் என்னைப் பொறாமையோடு பார்த்தார்கள்.

"இல்லைங்க" என்றேன், எல்லோர் காதிலும் விழும்படி. "எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க. நீங்க சொல்றதைத்தான் செய்யறேன்."

பிரித்து வைத்த ஓடுகளையெல்லாம் இரண்டு கையாலும் அள்ளி ஒரே குவியலாகக் கலந்துவிட்டேன்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் இவர் ஆசையாக, "இன்னிக்கு என்ன ஓடு வந்துது?" என்று கேட்டார். என்னால் இவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.