ஓட்டக்காரி

சட்டைக் கம்பெனியில் காலர் தைக்கிற அவளுக்கு ஓட்டக்காரி என்றே பெயர் வைத்துவிட்டார்கள். பத்து மணி, ஒரு மணி, நாலு மணி என்று மெஷினை அப்படியே போட்டுவிட்டு, இரண்டு தெரு தள்ளி இருந்த வீட்டுக்கு ஓடுவாள். கைக்குழந்தைக்குப் பால் கொடுத்துவிட்டு மூச்சிரைக்கத் திரும்புவாள். சூப்பர்வைசரின் முணுமுணுப்பைக் காதில் போட்டுக்கொள்ள மாட்டாள்.

பாசம் மட்டுமல்ல, பயமும்தான். இரண்டாவது பிரசவத்துக்கும் வயிற்றைக் கிழித்த டாக்டரம்மா, "ரெண்டு வருஷத்துக்குள்ள இன்னொண்ணுன்னா உன் உசுருக்கு நான் பொறுப்பில்ல" என்று கறாராகச் சொல்லியிருந்தார். நர்ஸம்மாதான் வழி காட்டினாள்.

"ஆறு மாசம் தாய்ப்பால் மட்டும் குடு, வேற எதுவும் கூடாது. பகல்ல நாலு மணி நேரத்துக்கு மேல இடைவெளி விடாத. பீரியட்ஸ் வராம இருந்தா கரு தங்குறது அபூர்வம். அப்புறம் வந்து காப்பர் டி போட்டுக்க."

வேதவாக்காக எடுத்துக்கொண்டாள். ஆனால் ஓட்டம் எதற்கென்று வீட்டில் மூச்சு விடவில்லை. குழந்தையைப் பார்த்துக்கொள்பவள் புருஷனின் தங்கை. அவளிடம் போய் இதையெல்லாம் எந்த வாயால் சொல்வது?

குழந்தைக்கு ஐந்தாம் மாதம் நடக்கையில் அவளுக்குத் தலை சுற்றியது. வேலையிலிருந்து நேரே நர்ஸம்மாவிடம் போனாள். பரிசோதனையில் இரண்டு கோடு.

"ஒரு நாள்கூடப் பால் குடுக்கத் தவறலியேம்மா!"

"புள்ள நல்லா இழுத்துக் குடிக்குதா?"

அவளுக்குச் சுருக்கென்றது. கொஞ்ச நாளாக இரண்டு வாய் குடித்துவிட்டுத் தூங்கிப்போகிறது. சமத்து என்று கொஞ்சியிருந்தாள், பைத்தியக்காரி.

பதினொன்றரைக்கு வீட்டுக்குள் நுழைந்தாள். நாத்தனாரின் மடியில் குழந்தை கண் சொக்கக் கிடந்தது, வாயில் புட்டி.

"கோவிச்சுக்காதீங்க அண்ணி," நாத்தனார் பதறினாள். "வெயில்ல நீங்க நாயா ஓடியாறதப் பாக்க மனசு கேக்கல. புள்ள பசியில அழுதா இன்னும் தவிச்சுப் போவீங்க. அதான் ரெண்டு மாசமா, நீங்க வர்றதுக்கு முன்னாடியே பவுடர் பால் குடுத்துடுறேன்."

இவளைப் போய் எப்படித் திட்டுவது? குழந்தையை வாங்கி மார்போடு அணைத்தாள். அது வயிறு நிறைந்த அலுப்பில் முகத்தைத் திருப்பிக்கொண்டது.

அவள் தரையில் உட்கார்ந்து, முதல் நாளே சொல்லியிருக்க வேண்டியதை ஒன்று விடாமல் சொன்னாள், அன்று பார்த்த இரண்டு கோடு வரை. நாத்தனார் புட்டியைத் தரையில் வைத்தாள்.

"ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா அண்ணி?"